கப்பல்ல வாந்தி வந்தா அது மனசோட கோளாறா? ஒரு நீண்ட இழை

போன வாரம் கிளினிக்குக்கு ஒரு குடும்பம் வந்தாங்க. அப்பா, அம்மா, பத்து வயசுப் பொண்ணு, ஒன்றரை வயசுப் பையன், எழுபத்தஞ்சு வயசுப் பாட்டி. யாருக்கும் காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. அடுத்த மாசம் சிங்கப்பூர்ல இருந்து நாலு நாள் க்ரூஸ் கப்பல் போறாங்களாம். அதுக்கு என்ன மாத்திரை எடுத்துட்டுப் போகலாம்னு கேட்க வந்திருக்காங்க.

அப்பா பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசை மேல வெச்சார். அமெரிக்காவுல இருக்கிற மச்சான் அனுப்பினதாம். காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிற பிளாஸ்திரி. "ஆளுக்கு ஒண்ணு ஒட்டிக்கிட்டா போதும்னு சொன்னான். சரிதானே டாக்டர்?"

அப்புறம் பொண்ணைக் காட்டி, "இவதான் சார் பிரச்சனை. கார்ல ஏறினாலே வாந்தி. எல்லாம் மனசுதான். நீங்க கொஞ்சம் திட்டி விடுங்க, கேப்பா" என்றார். பொண்ணு தரையைப் பார்த்துட்டு நின்னா.

எனக்கு சுருக்குன்னு இருந்தது. ஏன்னா அந்தப் பொண்ணு நான்தான். பஸ்ல ஜன்னல் சீட்டு, கையில ஒரு எலுமிச்சம்பழம், மடியில ஒரு பாலித்தீன் கவர், பின்சீட்டுல இருந்து "ஆம்பளப் புள்ளைக்கு இது என்ன பழக்கம்"னு ஒரு குரல். இதுதான் என் சின்ன வயசு.

திட்டல. கதை சொன்னேன். அங்க அஞ்சு நிமிஷத்துல சொன்னதை இங்க விரிவா எழுதுறேன். பெரிய பதிவு, டீயோட உட்காருங்க.

இந்த நோய் கப்பல் எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. டாக்டர்கள் குமட்டலுக்கு 'நாசியா'ன்னு எழுதுறோமே, அந்தச் சொல்லே கிரேக்க மொழியில கப்பலைக் குறிக்கிற 'நவுஸ்'ல இருந்து வந்ததுதான். அதாவது பஸ்ல வந்தாலும், மசக்கையில வந்தாலும், நாம குறிக்கிற பேர் கப்பல் நோயோட பேர். அசைவு உடம்பைக் குழப்பும், கடல் பயணமே அதுக்குச் சாட்சின்னு ஹிப்போகிரட்டிஸ் பேர்ல வழங்கும் நூல்லயே இருக்கு.

யாருக்கு வந்திருக்குன்னு பாருங்க. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன். பன்னெண்டு வயசுல கப்பல்ல ஏறினவர். வாழ்நாள் முழுக்கக் கடல், சண்டையில ஒரு கை போச்சு, ஒரு கண் பார்வை போச்சு. அவரே 1804-ல, அதாவது முப்பது வருஷத்துக்கு மேல கடல்ல கழிச்சதுக்கு அப்புறம், காத்து பலமா அடிச்சா எனக்கு இன்னும் உடம்பு படுத்துதுன்னு கடிதம் எழுதியிருக்கார். அவரைப் போய் மன தைரியம் இல்லாதவர்னு சொல்ல முடியுமா?

அடுத்தது சார்லஸ் டார்வின். 1831 டிசம்பர் 27-ல பீகிள் கப்பல்ல கிளம்பினார். அந்தக் கப்பலோட நீளம் சுமார் 90 அடிதான், ரெண்டு லாரியை வரிசையா நிறுத்தினா கிட்டத்தட்ட வந்துடும். கிளம்பின உடனே பிஸ்கே விரிகுடாவுல அவர் படுத்த படுக்கை. தொங்கு படுக்கையில சாய்ஞ்சுட்டு, அப்பா சொல்லி அனுப்பின உலர் திராட்சையைக் கடிச்சுக்கிட்டு நாளை ஓட்டினார். நாள் ஆக ஆகப் பழகிடும்னு எல்லாரும் சொன்னாங்க. அவருக்குக் கடைசி வரைக்கும் முழுசாப் பழகவே இல்ல. கிட்டத்தட்ட அஞ்சு வருஷப் பயணத்துல மூணு வருஷத்துக்கு மேல அவர் கரையில சுத்தினார். வேலை அங்கதான்ங்கிறது உண்மை. ஆனா ஒவ்வொரு துறைமுகத்துலயும் ஆசையா இறங்கி ஓடினதுல வயித்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இப்ப ஒரு பணக்காரர் கதை. ஹென்றி பெஸ்ஸமர், எஃகை மலிவாத் தயாரிக்க வழி கண்டுபிடிச்சவர். 1868-ல பிரான்ஸின் காலே துறைமுகத்துல இருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கப்பல்ல வந்தார். சின்னக் கால்வாய்தான், ஆனா மனுஷன் உண்டு இல்லைன்னு ஆயிட்டார். வீட்டுக்கு வந்து, 'கடலைத்தான் நிறுத்த முடியாது, கப்பலுக்குள்ள இருக்கிற அறையை ஆடாம நிறுத்தலாமே'ன்னு யோசிச்சார். கப்பல் பக்கவாட்டுல சாயச் சாய, உள்ள இருக்கிற கூடம் மட்டும் நீர்விசை எந்திரத்தால எதிர்ப்பக்கம் சாயணும். அந்தக் கூடத்தோட நீளம் 70 அடி. அதை இயக்க ஒரு ஆள், அவர் கையில நம்ம கொத்தனார் வெச்சிருக்கிற ரசமட்டம் மாதிரி ஒரு கருவி. அதைப் பார்த்துப் பார்த்து நெம்புகோலை நகர்த்தணும்.

சொந்தப் பேரையே வெச்சுக் கப்பலையும் கட்டிட்டாங்க. 1875 மே மாசம் பொதுமக்களோட முதல் பயணம். கூடத்தை ஆடாம நிறுத்துற எந்திரத்தை நம்பி இயக்க முடியல, அன்னைக்கு அதைப் பூட்டியே வெச்சுட்டாங்க. கப்பல் திருப்பினா திரும்பாது. காலே துறைமுகப் பாலத்துல போய் மோதி, அதுல ஒரு பகுதியைப் பேத்துடுச்சு. கம்பெனி அடுத்த வருஷமே மூடப்பட்டது. ஒரு வாந்திக்காக இவ்வளவு பணம் செலவழிச்ச மனுஷர் உலகத்துல வேற யாரும் இருப்பாங்களான்னு தெரியல.

பெஸ்ஸமர் செஞ்ச தப்பு, நோய் கப்பல்ல இருக்குன்னு நினைச்சது. மத்தவங்க செஞ்ச தப்பு, நோய் மனசுல இருக்குன்னு நினைச்சது. வயித்துல இருக்குன்னு நினைச்சவங்களும் உண்டு. நோய் உண்மையிலேயே எங்க இருக்குன்னு காட்டிக் கொடுத்தவங்க காது கேளாதவங்க.

1882-ல அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு எளிய சோதனை செஞ்சார். ஆளைச் சுத்திவிட்டு, தலைசுத்துதான்னு கேட்கிறதுதான் சோதனை. ஹார்வர்டுல கிட்டத்தட்ட 200 பேர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் சுத்தல. காது கேளாதவங்க 519 பேர்கிட்ட விசாரிச்சதுல 186 பேருக்குச் சுத்தவே இல்ல. அந்தச் சுத்தாத ஆட்கள்ல கொந்தளிக்கிற கடல்ல போயிருந்தவங்களை மேலும் விசாரிச்சா, அவங்களுக்குக் கப்பல்ல குமட்டலும் வந்ததில்லை!

காரணம் என்னன்னா, காதுக்குள்ள ரெண்டு டிபார்ட்மென்ட். ஒண்ணு கேட்கிறதுக்கு. இன்னொண்ணு, திரவம் நிரம்பின மூணு அரைவட்டக் குழாயும் அதுக்குப் பக்கத்துல ரெண்டு பையும். நாம சாயுறோமா, சுத்துறோமா, ஏறுறோமா, இறங்குறோமான்னு மூளைக்கு நொடிக்கு நொடி சேதி அனுப்புறது இதுதான். சில நோய்கள் காதைத் தாக்கும்போது ரெண்டு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்தே போயிடும். அப்படிப்பட்டவங்களைக் கடலால ஒண்ணும் செய்ய முடியாது.

இதே விஷயம் 1950-களோட கடைசியில விண்வெளிக்குப் போற கனவோட மறுபடி வந்தது. எடையில்லாத இடத்துல மனுஷ உடம்பு என்ன ஆகும்? வாஷிங்டன்ல காது கேளாதவங்களுக்கான காலடெட் கல்லூரியில இருந்து 11 ஆண்களை அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தாங்க. பதினோரு பேர்ல பத்துப் பேருக்குச் சின்ன வயசுல வந்த மூளையுறைக் காய்ச்சல்ல காது போயிருந்தது. நாசாவும் சேர்ந்து நடத்தின இந்த ஆய்வுல சுமார் பத்து வருஷம் அவங்களைச் சுத்தாத சுத்து இல்ல. நாலு பேர் 12 நாள் ஒரு சுழலும் அறைக்குள்ளயே சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாங்க. எடையிழக்க வைக்கிற விமானத்துல பறந்தாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கத்துக் கடல்ல நடந்தது. கொந்தளிக்கிற கடல்ல ஒரு கப்பல். உள்ள இவங்க உட்கார்ந்து சீட்டாடிட்டு இருக்காங்க. குறிப்பெடுக்க வந்த விஞ்ஞானிகள் வாந்தியெடுத்துச் சுருண்டுட்டாங்க. கடைசியில சோதனையை நிறுத்தினதும் அவங்களுக்கு முடியலைன்னுதான்! உலகம் 'குறை'ன்னு சொன்ன ஒண்ணு அன்னைக்கு அந்தக் கப்பல்ல யாருக்கும் கிடைக்காத வரமா இருந்துச்சு.

இந்த இடத்துல அந்தப் பொண்ணு முதல் தடவையா தலையைத் தூக்கி, "அப்போ எனக்குக் காது நல்லா வேலை செய்யுதா அங்கிள்?"னு கேட்டா. ஆமா கண்ணு, அதான் விஷயமே.

கப்பலோட உள்அறையில உட்கார்ந்திருக்கீங்க. சுவர், மேசை, செல்போன் எல்லாம் அசையாம இருக்குன்னு கண்ணு சொல்லுது. 'இல்லப்பா, ஏறி இறங்கிட்டு இருக்கோம்'னு காது சொல்லுது. ரெண்டு சாட்சியும் முரண்படுறதால மூளை குழம்புது. புலன்களோட இந்த முரண்பாடுதான் காரணம்னு இர்வின் என்ற டாக்டர் 1881-லயே எழுதிட்டார். சரி, குழம்பினா குழம்பட்டும், வாந்தி எதுக்கு? 1977-ல ட்ரீஸ்மன் என்பவர் ஒரு விளக்கம் கொடுத்தார். ஆதி மனுஷனுக்குக் கப்பலும் இல்ல, காரும் இல்ல. கண்ணும் காதும் ஒத்துப்போகலைன்னா ஏதோ விஷச் செடியைத் தின்னுட்டோம்னுதான் அர்த்தம். உடனே வெளியே தள்ளு! முழுசா நிரூபணம் ஆன கருத்து இல்ல, ஆனா எனக்குப் பிடிச்ச விளக்கம் இது.

இப்ப மருந்துக்கு வருவோம். ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் ராணுவம் நம்பினது ஹையோசின். இதுக்கு ஸ்கோபோலமின்னும் பேர் உண்டு. இது எங்க இருக்கு தெரியுமா? நம்ம வேலியோரத்து ஊமத்தையில! அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஆஸ்திரேலியச் செடியில இருந்து போர்க்காலத்துல எடுத்தாங்க. 1944 ஜூன்ல நார்மண்டிக் கரையில இறங்கின சிப்பாய்களுக்கு மாத்திரையும் கொடுத்தாங்க, வாந்தியெடுக்கப் பையும் கொடுத்தாங்க. ரெண்டையும் உபயோகிச்சுட்டு, கால் தள்ளாட குண்டு மழைக்குள்ள இறங்கினவங்க ஏராளம்.

அடுத்த மருந்து தற்செயலா வந்தது. 1947-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில கே, கார்லினர்னு ரெண்டு டாக்டர்கள் அலர்ஜிக்கு ஒரு புது மருந்தைச் சோதிச்சுட்டு இருந்தாங்க. தோல் தடிப்புக்கு அதைச் சாப்பிட்ட ஒரு பெண், 'டிராம்ல வந்தா எப்பவும் குமட்டும், இப்ப வரல'ன்னு சொன்னார். இதைக் காதுல வாங்காம விட்டிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். அவங்க வாங்கிக்கிட்டாங்க. சொல்லாம வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க, குமட்டல் திரும்ப வந்தது. அந்த வருஷம் நவம்பர்லயே நியூயார்க்ல இருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு படைக்கப்பல்ல, குளிர்கால அட்லாண்டிக்ல, சிப்பாய்களுக்குக் கொடுத்துச் சோதிச்சாங்க. அதுதான் டிராமமைன். நம்ம ஊர்ல கிடைக்கிற அவோமினும் இதே மாதிரி அலர்ஜி மருந்து வம்சம்தான்.

மச்சான் அனுப்பின பிளாஸ்திரிக்கு வர்றேன். அது அதே ஹையோசின், தோல் வழியா மூணு நாள் மெதுவா இறங்குற மாதிரி செஞ்சு, 1979-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினது. நல்ல மருந்துதான், சரியான ஆளுக்கு. நான் பாட்டிகிட்ட, "கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து விடுறீங்களா பாட்டி?"ன்னு கேட்டேன். "ஆமாப்பா, கண்ணுல பிரஷர்னு ராத்திரி விடுறேன்."

கண் அழுத்த நோய்ல ஒரு வகைக்கு இந்தப் பிளாஸ்திரி ஒட்டினா அழுத்தம் சடார்னு ஏறிப் பார்வையே போகலாம். நடுக்கடல்ல, ராத்திரி. வயசானவங்களுக்குச் சிறுநீர் அடைச்சுக்கும், ஆளை அடையாளம் தெரியாத அளவுக்குக் குழப்பமும் வரலாம். ஊமத்தை தின்னவனைப் பத்தி நம்ம ஊர்ல சொல்லுவாங்களே, அதேதான் சின்ன அளவுல. இது குழந்தைகளுக்கும் கிடையாது. பெரியவங்க ஒட்டினாலும் கையைச் சோப்பு போட்டுக் கழுவணும். அந்த விரலால கண்ணைத் தேச்சா பாப்பா விரிஞ்சு பார்வை மங்கிடும்.

பையனுக்கு ஒண்ணரை வயசு. ரெண்டு வயசுக்குள்ள இந்தத் தொந்தரவு வர்றது அபூர்வம். அந்த வயசுல அவோமின் வகை மருந்து மூச்சையே அடக்கிடலாம். அதனால ஊருக்கு வாங்கினதுல கால் மாத்திரை பொடிச்சுக் கொடுக்கிற வேலையே வேண்டாம். தொந்தரவு உச்சத்துல இருக்கிறது பள்ளிக்கூட வயசுல, பெரிசானா பெரும்பாலும் குறையும். எனக்கே குறைஞ்சுது. பொண்ணுக்கு அவ எடையைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். குமட்டல் ஆரம்பிச்ச பிறகு போட்டா வயிறு அதை உள்ள இறக்காது. தூக்கம் வரும்னும் சொன்னேன்.

மத்தபடி, இன்னும் டிக்கெட் போடாதவங்க கப்பலோட நடுவுல, கீழ்த்தளத்துல அறை கேளுங்க. ஊஞ்சலோட நுனிதான் அதிகம் ஆடும். குமட்ட ஆரம்பிச்சா செல்போனைக் கீழ வெச்சுட்டு மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்க, கண்ணும் காதும் சமாதானம் ஆகும். முடியலையா, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கங்க. காலி வயிறும் வேண்டாம், பஃபேயில ஒரு கட்டு கட்டவும் வேண்டாம். இஞ்சி சிலருக்குக் கேட்குது. 1980-கள்ல டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்கள்கிட்டயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கிறதுக்கு நான் ஆதாரம் காட்ட மாட்டேன், ஆனா இன்னைக்கும் என் கார்ல ஒண்ணு கிடக்கும். பெரிய கப்பல்களுக்கு இப்ப தண்ணிக்கடியில துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் இருக்கு, பெஸ்ஸமர் பார்த்தா அழுதுடுவார். ரெண்டு மூணு நாள்ல பெரும்பாலானவங்களுக்குப் பழகிடும். இறங்கின பிறகு தரை ஆடுற மாதிரி இருந்தா பயப்படாதீங்க, மூளை இன்னும் கப்பல்லயே இருக்குன்னு அர்த்தம்.

எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது பாட்டி பிளாஸ்திரி டப்பாவை மகன்கிட்ட நகர்த்திட்டு, "நான் பன்னெண்டு வயசுல ராஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துல இருந்து பினாங்கு போனவடா. மேல்தளத்துல பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டே போனோம். எங்கப்பாதான் வழி பூரா வாந்தி. நான் முறுக்கு தின்னுட்டு வந்தேன்" என்றார்.

மகனுக்கு இந்தக் கதை புதுசு போல. பேத்தி பாட்டி கையைப் பிடிச்சுட்டு, "கொள்ளுத்தாத்தாவுக்கும் வாந்தி வருமா?"ன்னு கேட்டுக்கிட்டே வெளியே போனா. நான் கண் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதி அம்மாகிட்ட கொடுத்தேன், கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி பாட்டிக்குக் கண் அழுத்தம் பார்த்துட்டு வரச் சொல்லி.