ஊர் என்னும் சொல்: மலேசியத் தமிழ் எழுத்தில் பயணமும் இருப்பிடமும் அடையாளமும்

முன்னுரை

மலேசியத் தோட்டப்புறங்களில் முதல் தலைமுறையினர் 'ஊர்' என்று சொன்னபோது, அது அவர்கள் வாழ்ந்த இடத்தைக் குறிக்கவில்லை. கடலுக்கு அப்பால் விட்டு வந்த சிற்றூரையே குறித்தது. வாழும் இடம் 'தோட்டம்'. திரும்ப வேண்டிய இடம் 'ஊர்'. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த தமிழரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், கிள்ளான் என்றோ பிரிக்பீல்ட்ஸ் என்றோதான் விடை வரும். ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு இடம்பெயர்ந்த வரலாற்றையும், அதனை எழுத்தாளர்கள் பதிவு செய்த வகையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'ஊர் திரும்புதல்' என்பது இங்கு வாழ்ந்தோரின் விருப்பமாக மட்டும் இருக்கவில்லை. சில காலங்களில் அது தண்டனையாகவும் அரசின் கொள்கையாகவும் இருந்தது என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தாகும்.

இரு நிலங்களைப் பாடிய தொடக்கம்

மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்திலேயே இந்த இரட்டை நிலை காணப்படுகிறது. யாழ்ப்பாணத்து வண்ணை நகரைச் சேர்ந்த சி. ந. சதாசிவ பண்டிதர் 1887இல் வண்ணையந்தாதியையும் சிங்கைநகர் அந்தாதியையும் வெளியிட்டார். முன்னது விட்டு வந்த ஊரைப் பாடியது. பின்னது வந்து சேர்ந்த நகரைப் பாடியது. ஒரே புலவர் ஒரே ஆண்டில் இரண்டுக்கும் அந்தாதி பாடியமை, புலம்பெயர்ந்தோர் மனநிலையைத் தெளிவாகக் காட்டும் சான்றாகும்.

அதே 1887இல்தான் பிலிப்பீன்ஸ் நாட்டு எழுத்தாளர் ஹோசே ரிசால், 'நோலி மி தாங்கரே' என்னும் தம் புதினத்தைப் பெர்லின் நகரில் அச்சிட்டார். தாய்நாட்டை அயல்மண்ணிலிருந்து எழுதும் நிலை தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வொப்புமை உணர்த்தும். 1930இல் அமெரிக்கா சென்ற பிலிப்பீனியரான கார்லோஸ் புலோசான், புலம்பெயர்ந்த தொழிலாளரின் துயரை 1946இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். தாம் வந்து சேர்ந்த நாட்டினர் படிக்கும் மொழியில் அவர் எழுதினார். மலாயாத் தமிழ் எழுத்தாளர் பெரும்பாலோர் தாய்மொழியிலேயே எழுதினர். எனவே அவர்தம் எழுத்து தம்மவரோடு நிகழ்த்திய உரையாடலாக அமைந்தது. பிற இனத்தாரிடம் அது அரிதாகவே சென்றடைந்தது.

கிள்ளான் 1941: தண்டனையான ஊர்

1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமே (1972 முதல் கிள்ளான் துறைமுகம்) கோலாலம்பூர் வட்டாரத்துக்கு வந்த தமிழர் பலருக்கு நுழைவாயிலாக இருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்த பின், கங்காணி முறை வழியாக ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. இறப்பர் விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில், பல்லாயிரக்கணக்கானோர் வேலையற்றவர்களாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தேவைப்படும்போது வரவழைக்கவும் தேவையற்றபோது அனுப்பவும் கூடிய உழைப்பாகவே அவர்கள் கருதப்பட்டனர்.

இக்கருத்தை எதிர்த்து எழுந்ததே 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதன் தலைவர்களுள் முதன்மையானவரான ஆர். எச். நாதன், 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளோடு, வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் முன்வைக்கப்பட்டது. இக்கடைசிக் கோரிக்கை கூலியைப் பற்றியதன்று, தன்மானத்தைப் பற்றியது. தாம் நடமாடும் சாலையில் தலைநிமிர்ந்து செல்ல விரும்பியவர்கள், அம்மண்ணைத் தமக்குரியதாக எண்ணத் தொடங்கிவிட்டனர் எனலாம். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். எழுதுகோல் பிடித்த ஒருவருக்கு 'ஊர்' தண்டனையாக விதிக்கப்பட்டமை ஈண்டு நினைத்தற்குரியது.

அட்டையின் நிறம்

1947ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது மலாயா இந்தியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். 1950ஆம் ஆண்டை ஒட்டி, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' வழியாக நடத்திய 'கதை வகுப்பு', இம்மண்ணின் இளைஞர் பலரை எழுத்தாளராக்கியது. தமிழ்நாட்டுக் கதைகளைப் பின்பற்றி எழுதிய நிலை மாறி, பால்மரமும் லயமும் பிரட்டுக்களமும் கதைக்களங்களாக நிலைபெற்றன.

எனினும் மனத்தால் வேரூன்றியவர் அனைவரும் சட்டத்தால் வேரூன்றவில்லை. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, எழுத்தறிவின்மையாலோ ஊர் திரும்பும் எண்ணத்தாலோ பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டியதாயிற்று. 1969க்குப் பின் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் நாடு திரும்பியதாக ஆய்வாளர் மதிப்பிடுவர். கணவனின் அட்டை சிவப்பு, மனைவியின் அட்டை நீலம் எனக் குடும்பங்கள் பிரிந்த காலம் அது. அவர்கள் சென்று இறங்கிய தமிழ்நாடோ, நினைவில் வைத்திருந்த ஊராக இருக்கவில்லை. சிவப்பு அடையாள அட்டையின் துயரம் பிற்காலப் புனைகதையிலும் தொடர்கிறது, கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' அதற்குத் தக்க சான்று.

புனைகதையில் பயணம்

பயணம் என்பது இவ்வெழுத்தில் உல்லாசமன்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய புதினங்கள், சப்பானியர் ஆட்சியில் சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் கதையைக் கூறுகின்றன. அங்கிருந்து மீண்டவர்க்குத் திரும்பி வரும் இடம் தமிழ்நாடன்று, மலாயாத் தோட்டமே. அவ்வகையில், துன்பத்தின் வழியாகத் தோட்டம் 'ஊர்' ஆகிவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து 1938இல் மேடான் சென்று, 1946இல் தாயகம் திரும்பிய ப. சிங்காரம், 'புயலிலே ஒரு தோணி' (1972) என்னும் புதினத்தில் எங்கும் நிலைகொள்ளாத அலைவைச் சித்திரித்தார். மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் பணியாற்றிய கே. எஸ். மணியம், 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' புதினத்தில், நிலத்தில் உரிமை கொள்ள முயன்று தோற்ற பாட்டியையும் தந்தையையும் படைத்தார். சிங்காரத்துக்குத் திரும்ப ஓர் ஊர் இருந்தது. மணியத்தின் மாந்தர்க்கு நிற்கும் நிலமே சிக்கலாயிற்று. முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' என்னும் தன்வரலாறு, ஒரு குடும்பத்தின் கடற்பயணத்தைப் பெண்ணின் பார்வையில் பதிவு செய்தது. சை. பீர்முகம்மது தொகுத்த மலேசியச் சிறுகதைத் தொகுப்புக்கு 'வேரும் வாழ்வும்' என்றே பெயர் அமைந்தது.

தோட்டம் மறைந்த பின்

'ஊர்' ஆன தோட்டமும் நிலைக்கவில்லை. 1990களில் புத்ராஜெயா உருவானபோது, பிராங் புசார் முதலிய நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இம்முறை மக்கள் கடல் கடக்கவில்லை; சில கல் தொலைவே பெயர்ந்தனர். ஆயினும் கோயிலும் பள்ளியும் அண்டை வீடும் கூடிய வாழ்வு கலைந்தது. மறுபுறம், இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ், 2010இல் 'லிட்டில் இந்தியா' என அறிவிக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழர் வாழ்ந்த பகுதிக்கு வேறொரு நாட்டின் பெயரே அடையாளமாகச் சூட்டப்பட்டமை எண்ணத்தக்கது.

முடிவுரை

ஊர் என்னும் சொல் தமிழகச் சிற்றூர், தோட்டம், நகர்ப்புறக் குடியிருப்பு என மூன்று படிகளைக் கடந்துள்ளது. ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் பின்னால் ஒரு சட்டமோ விலைவீழ்ச்சியோ நிலவிற்பனையோ இருந்தது. இவ்வரலாற்றின் சான்றுகள் நூல்களைவிட நாளிதழ்களிலேயே மிகுதியாக உள்ளன. 'தமிழ் நேசன்' 2019இல் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. தோட்டங்களில் பிறந்த தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. 1969இல் இராமா சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' நூற்பட்டியல் இட்ட அடித்தளத்தின்மேல், இதழ்ப் படைப்புகளைத் தொகுத்து அடைவுபடுத்தும் பணி விரைந்து நடைபெறல் வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம், "உன் பாட்டனார் எதை ஊர் என்றார்?" என்று வினவி எழுதச் செய்தாலும், அது நாளைய ஆய்வாளர்க்கு நற்சான்றாகும். அவ்வினாவுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர்.