அடிமணல் இல்லாத மீன்தொட்டி: பார்வைக்குத் துப்புரவாக இருந்தால் போதுமா?

வடக்கில் வீட்டில் இருந்தபடியே சிறு வருமானம் தேடுவோர் கையிலெடுக்கும் தொழில்களில் அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்று. பெரிய காணி தேவையில்லை. கண்ணாடித் தொட்டி அல்லது சீமெந்துத் தொட்டி, கிணற்று நீர், மின்சாரம் என்பன இருந்தால் தொடங்கலாம். விற்பனைக்காக வளர்ப்போர் பெரும்பாலும் தொட்டியின் அடியில் மணலோ கல்லோ போடுவதில்லை. புதிதாகத் தொடங்குவோரும் அதைப் பார்த்து அவ்வாறே செய்கின்றனர். அது நல்ல முறைதான். ஆனால் மணலை எடுத்துவிடும்போது அதனுடன் சேர்ந்து வேறொன்றும் போய்விடுகிறது. அதை அறியாமல் தொடங்கினால் முதல் மாதத்திலேயே மீன்களும் போய்விடும், போட்ட முதலும் போய்விடும்.

வெறும் அடியின் நன்மை

மணல் இல்லாத தொட்டியில் மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் கண்ணுக்குத் தெரியும். ஒரு சிறிய ரியூப்பினால் அவற்றை உறிஞ்சி எடுத்துவிடலாம். மீனுக்கு நோய் வந்து மருந்திட்டால், பின்னர் தொட்டியைக் கழுவுவதும் எளிது. குஞ்சுகள் உணவு உண்கின்றனவா என்பதையும் கவனிக்க முடியும்.

மணலோடு போவது என்ன?

மீனின் கழிவிலிருந்தும் அழுகும் உணவிலிருந்தும் அமோனியா உருவாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறுவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சுதான், நைத்திரேற்று ஆபத்துக் குறைந்தது. இந்தப் பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதைவிட மேற்பரப்புகளில் ஒட்டியே பெருமளவில் வாழ்கின்றன. மணலும் கல்லும் அவற்றுக்குப் பெரிய வசிப்பிடம். அவை இல்லாத தொட்டியில் அந்த வேலை முழுவதும் வடிகட்டியின் தலையில் விழுகிறது. எனவே அடிமணல் இல்லாத தொட்டிக்கு ஸ்பொஞ்ச் வடிகட்டி கட்டாயம்.

நமது கிணற்று நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறைகளில் தங்கியிருப்பது. அதனால் அது வன்னீர். சற்றுக் காரத்தன்மையும் உண்டு. நுளம்புக் குடம்பிகளை உண்பதற்காகக் கிணறுகளில் விடப்படும் கப்பி மீனுக்கு இந்த நீர் நன்கு பொருந்தும். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிஎச் அளவு 7 இலிருந்து 8 ஆக உயரும்போது, அமோனியாவில் நஞ்சான பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெப்பமும் அதைக் கூட்டும். ஆகவே மென்னீரில் மீன் தாங்கக்கூடிய அதே அளவு அமோனியா நமது நீரில் அதைக் கொன்றுவிடலாம்.

தொடங்கும் முறை

60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் கொண்ட தொட்டி சுமார் 54 லீற்றர் கொள்ளும். அதன் கீழே ரெஜிபோம் தட்டு வைத்து, வெளிப்புறமாக அடியில் கறுப்புக் கடதாசி ஒட்டினால் கண்ணாடியின் பிரதிபலிப்பால் மீன்கள் மிரளா. குளோரீன் கலந்த குழாய் நீர் என்றால் வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் விட்டுப் பயன்படுத்த வேண்டும்.

வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் சிறிதளவு மீன் உணவைப் போட்டு, நான்கு முதல் ஆறு வாரங்கள் மீன் இல்லாமல் விட வேண்டும். பற்றீரியாக்கள் பெருகுவதற்கான காலம் இது. தெரிந்த ஒருவரின் நோயற்ற தொட்டியில் உங்கள் ஸ்பொஞ்சைச் சில வாரங்கள் ஓடவிட்டு எடுத்தால் இந்தக் காலம் குறையும். பிறகும் ஒரேயடியாக மீன்களை நிரப்பாமல் சிலவற்றை மட்டும் விட்டுத் தொடங்க வேண்டும்.

பராமரிப்பு

கழிவைத் தினமும் உறிஞ்சி எடுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குளோரீன் நீரிலோ சவர்க்காரத்திலோ கழுவினால் பற்றீரியாக்கள் இறந்துவிடும். மின்தடை நீடித்தால் உணவை நிறுத்துங்கள். மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திணறினால் உடனே மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுங்கள்.

கப்பி தன் குஞ்சுகளையே உண்ணும். வெறும் தொட்டியில் அவை ஒளிய இடமில்லை என்பதால் ஒரு கொத்து நீர்ப்பாசி மிதக்கவிட வேண்டும். அது நைத்திரேற்றையும் உறிஞ்சும். மணலைக் கிளறி உணவு தேடும் கொறிடோராஸ் போன்ற மீன்களுக்கு இந்த முறை ஏற்றதல்ல.

தெளிந்த நீர் என்பது நஞ்சற்ற நீர் என்றாகாது, அமோனியாவுக்கு நிறமில்லை. முதலீடு சிறிதாக இருக்கும் வீட்டில் மீன் வாங்கும் முன் காத்திருக்கும் அந்த நான்கு வாரங்களே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு.