விக்ரோலியில் பொதுப்பள்ளியும் தமிழும்

1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் தொடக்கப்பள்ளிகளைப் பேணுவதை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக விதித்தது. ஆயினும் இன்று மும்பையின் புறநகரான விக்ரோலி அப்போது நகர எல்லைக்கு வெளியே கிடந்த சிற்றூராதலால் அக்கடமை அவ்வூர்ப் பிள்ளைகளை எட்டவில்லை. மத்திய ரயில் பாதையில் பாண்டுப் வரை நகர எல்லை 1950-இல் விரிந்த பின்னரே விக்ரோலி மாநகராட்சியின் பொறுப்பில் வந்தது.

அதற்குள் தொழிற்சாலை முந்திக்கொண்டது. 1943-இல் இங்கு நிலம் வாங்கிய கோத்ரெஜ் நிறுவனம், 1955-இல், பிரோஜ்ஷாநகர் என்னும் தன் குடியிருப்பில் உதயாசல் பள்ளியை நிறுவியது. நிறுவனக் குடியிருப்புக்கு அப்பால், வீட்டுவசதி வாரியம் எழுப்பிய கன்னம்வார் நகரிலும் பார்க்சைட்டின் குன்றுச்சரிவுக் குடிசைகளிலும் குடியேறிய உழைப்பாளிகளுக்கோ, கட்டணமின்றிக் கற்பிக்கும் மாநகராட்சிப் பள்ளியே பற்றுக்கோடு.

அவர்களுள் தமிழரும் உண்டு. மும்பையின் மாட்டுங்காப் பகுதி நடுத்தர வகுப்புத் தமிழர் 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் கண்டு தம் பிள்ளைகளுக்குத் தாமே பள்ளி நடத்தினர். நாட்கூலிக் குடும்பங்களுக்கு அத்தகைய வலிமை இல்லை. மொழிச் சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்களும் உள்ளாட்சிகளும் முயல வேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்திய மும்பை மாநகராட்சி, அக்கடமையை இந்தியாவின் வேறெந்த நகருக்கும் பின்தங்காத அளவில் ஏற்றது என்றே சொல்ல வேண்டும்.

குறை மேல்வகுப்பில் இருந்தது. மகாராஷ்டிரத்தில் தொடக்கக் கல்வி என்பது நெடுங்காலம் ஏழாம் வகுப்புவரை மட்டுமே. எட்டாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்தது. தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி மிக அரிதாதலால், ஏழாண்டுகள் தமிழில் கணக்கும் அறிவியலும் பயின்ற பிள்ளை, பதின்மூன்று வயதில் திடீரென வேறொரு மொழியில் அவற்றைப் படிக்க நேர்ந்தது. பலர் அவ்விடத்திலேயே தடுக்கி விழுந்தனர். தமிழ்ப் பள்ளிகள் மெலிந்ததற்குப் பெற்றோரின் ஆங்கில மோகத்தையே காரணம் காட்டுவது நியாயமன்று: மேலே படி இல்லாத ஏணியில் பிள்ளையை ஏற்ற அவர்கள் அஞ்சினர். 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை இலவசக் கல்வியை உறுதிசெய்தபோதும், ஒன்பதாம் வகுப்பில் அதே இடைவெளி நீடித்தது.

2021-இல் மாநகராட்சி தொடங்கிய மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுள் ஒன்று விக்ரோலியின் ஹரியாலி கிராமத்தில் அமைந்தது. அதன் பயிற்றுமொழி ஆங்கிலம்.