ஜாமீன் இல்லாத கடன் - ஷாங்காய் அகதிகளின் கதை

அகதி என்றாலே கையில் ஒன்றும் இல்லாதவர் என்றுதான் நினைப்போம். பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் யாரைத் தெரியும் என்பதும் ஒரு சொத்துதானே? பேலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டுக் கூடங்களும் அடித்து நொறுக்கப்பட்டன. தப்பிக்க நினைத்தவர்களுக்கு எந்த நாடும் லேசில் விசா தரவில்லை. ஷாங்காயில் மட்டும் அப்போது விசா இல்லாமலே இறங்கலாம். இத்தாலியக் கப்பல்களில் ஏறி, பம்பாய், கொழும்பு வழியாக, மொத்தம் 18,000 பேர் வரை போய்ச் சேர்ந்தார்கள். ஆளுக்கு 10 மார்க்தான் எடுத்துப் போக அனுமதி!

அங்கே அவர்களுக்கு முன்பே சொந்தங்கள் இருந்தன. ரத்த சொந்தம் இல்லை. பாக்தாதிலிருந்து பம்பாய் வந்து, அங்கிருந்து சீனாவுக்குப் போய் அபினி வியாபாரத்தில் கொழித்த சசூன் குடும்பம். (ஆமாம், அபினிதான். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.) அந்தக் குடும்பத்தின் விக்டர் சசூன் தன் பெரிய கட்டடம் ஒன்றில் அகதிகளைத் தங்கவைத்தார். ஹொரேஸ் கதூரி பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். கஞ்சித்தொட்டிச் செலவுக்கு அமெரிக்காவிலிருந்து 'ஜாயிண்ட்' என்ற யூத உதவி அமைப்பு பணம் அனுப்பியது.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்ததும் அந்தப் பணம் நின்றுபோனது. பிரிட்டிஷ் குடிமக்களான பாக்தாத் யூதர்களோ எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு நாளைக்குச் சோறு இல்லை. ஜாயிண்டின் பிரதிநிதி லாரா மார்கோலிஸ் ஜப்பானிய கடற்படை அதிகாரியை நேரில் பார்த்து, உள்ளூரில் கடன் திரட்ட அனுமதி வாங்கினார். தொகை 1,80,000 டாலர். போர் முடிந்ததும் ஜாயிண்ட் திருப்பித் தரும் என்ற வாக்கைத் தவிர வேறு அடமானம் கிடையாது. யார் ஜெயிப்பார்கள் என்றே தெரியாத நேரத்தில் இதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். எந்த வங்கி மேனேஜராவது கையெழுத்துப் போடுவாரா?

சரி, சீனர்களோடு? 1943 பிப்ரவரியில் ஜப்பானியர்கள், 1937-க்குப் பிறகு வந்த 'நாடற்ற அகதிகள்' எல்லோரும் ஹாங்கியூ பகுதிக்குள்தான் வசிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். வெளியே போக பாஸ் வேண்டும். அதே சந்துகளில்தான் சுமார் ஒரு லட்சம் ஏழைச் சீனர்களும் இருந்தார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய வாழ்க்கை. ஆனாலும் சீன மொழியை ஒழுங்காகக் கற்றவர்கள் குறைவு. ஜெர்மன் பத்திரிகை, வியன்னா பாணி காபிக் கடை, தங்களுக்குள்ளேயே கல்யாணம். இதைத் திமிர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கப்பலுக்காகக் காத்திருப்பவர் யாரும் மூட்டையை அவிழ்க்கமாட்டார்.

1945 ஜூலை 17 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகள் ஹாங்கியூவில் விழுந்தன. 30-க்கும் மேற்பட்ட அகதிகளும், அதைவிடப் பல மடங்கு சீனர்களும் செத்துப்போனார்கள். அன்று அகதி டாக்டர்கள் யார் எந்த இனம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கட்டுப் போட்டார்கள்.

போர் முடிந்து சில வருடங்களில் ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று கிளம்பிவிட்டார்கள். 13 வயதில் அங்கே வந்திறங்கிய மைக்கேல் புளூமெந்தால் என்ற பையன், 1977-இல் அமெரிக்காவின் நிதியமைச்சர் ஆனார்.