மறைக்கப்பட்ட தொப்பி

போன வாரம் 'நைட் அண்ட் ஃபாக்' டாக்குமெண்டரியை மறுபடி பார்த்தேன். நாஜி வதைமுகாம்கள் பத்தி அலன் ரெனே எடுத்தது, 1956-ல் வெளிவந்தது. அரை மணி நேரப் படம்தான். பார்த்து முடிச்சா அன்னிக்குச் சாப்பாடு இறங்காது.

அதுல ஒரு பழைய ஃபோட்டோ வரும். பிரான்ஸில் இருந்த பித்திவியே முகாமை ஒருத்தர் காவல் காத்துட்டு நிக்கிறார். தலையில பிரெஞ்சுப் போலீஸ் போடுற 'கெப்பி' தொப்பி. படம் சென்சாருக்குப் போனப்போ அந்தத் தொப்பி தெரியக்கூடாதுன்னுட்டாங்க. கடைசியில உத்தரம் மாதிரி ஒண்ணை வரைஞ்சு அதை மறைச்சுத்தான் படம் வெளிய வந்துச்சு.

பிணக்குவியலைக் காட்டலாம், தொப்பியைக் காட்டக்கூடாது! ஏன்?

ஏன்னா அந்தத் தொப்பி ஒரு கதையைக் கெடுத்துடும். 1944 ஆகஸ்ட் 25 அன்னிக்கு பாரிஸ் நகர மண்டபத்துல நின்னு தெ கோல் பேசினார். பாரிஸ் தன்னைத் தானே விடுவிச்சுக்கிச்சு, பிரான்ஸ் முழுக்கத் துணை நின்னுச்சு என்பதுதான் சாரம். நேச நாடுகளுக்கு அந்தப் பேச்சுல போகிற போக்குல ஒரு நன்றி, அவ்வளவுதான். ஜெர்மனிக்கு ஒத்தூதினது ஒரு கைப்பிடி துரோகிகள், மத்த எல்லாரும் மனசளவிலாவது போராளிகள்ங்கிற கதை அங்கிருந்து வளர்ந்தது.

நிஜம் வேற. 1940 ஜூன்ல பிரான்ஸ் தோத்துச்சு. ஜூலை 10 அன்னிக்கு 84 வயசு மார்ஷல் பெத்தானுக்கு முழு அதிகாரமும் கொடுத்தது ஹிட்லர் இல்லைங்க, பிரெஞ்சு எம்.பி.க்கள். ஆதரவா 569 ஓட்டு, எதிரா வெறும் 80. 1942 ஜூலை 16, 17-ல் பாரிஸ்லயும் சுற்றுவட்டாரத்துலயும் சுமார் 13,000 யூதர்களைப் பிடிச்சாங்க. அதுல 4,000-க்கு மேல குழந்தைகள். திட்டம் ஜெர்மானியர்களோடது. வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டினது பிரெஞ்சுப் போலீஸ். அந்தக் குழந்தைகள்ல பலரைக் கொண்டுபோய் அடைச்ச இடங்கள்ல ஒண்ணு அதே பித்திவியே.

அப்போ எதிர்ப்பு இயக்கமே பொய்யா? இல்லவே இல்லை. ழான் மூலான் சித்திரவதைப்பட்டுச் செத்தது நிஜம். பாரிஸ் மக்கள் 1944 ஆகஸ்ட்ல தடுப்பு எழுப்பிச் சண்டை போட்டதும் நிஜம். பிரான்ஸில் இருந்த யூதர்கள்ல முக்கால்வாசிப் பேர் பிழைச்சாங்க. அதுக்கு ஒளிச்சு வச்சுக் காப்பாத்தின சாதாரண ஜனங்களும் ஒரு காரணம். கதை முழுப் பொய் இல்லை. எடிட் பண்ணின நிஜம்.

எடிட்டிங்ல வெட்டுப்பட்டது யாருன்னு பாருங்க. ஆகஸ்ட் 24 ராத்திரி நகர மண்டபத்துக்கு முதல்ல வந்து சேர்ந்த படைப்பிரிவுல பெரும்பாலானவங்க ஸ்பானியர்கள். ஃபிராங்கோகிட்ட தோத்து நாட்டை விட்டு ஓடிவந்தவங்க. வண்டிகளுக்கு 'குவாதலஹாரா', 'தெருவேல்'னு சொந்த ஊர்ப் போர்க்களங்களோட பேரை வச்சிருந்தாங்க. அந்த டிவிஷனை உருவாக்கின லெக்ளேர் முதல்ல ஆப்பிரிக்க வீரர்களை வச்சுத்தான் சண்டையைத் தொடங்கினார். ஆனா பாரிஸுக்குள்ள போற படை வெள்ளையா இருக்கணும்னு அமெரிக்க, பிரிட்டிஷ் தளபதிகள் விரும்பினாங்க. கறுப்பின வீரர்கள் கழட்டிவிடப்பட்டாங்க. ஜெர்மன் சிறையிலிருந்து மீண்டு ஊர் திரும்பின ஆப்பிரிக்க வீரர்கள், டாக்கார் பக்கத்துல தியாரோய் முகாம்ல சம்பள பாக்கியைக் கேட்டாங்க. 1944 டிசம்பர் 1 அன்னிக்கு பிரெஞ்சு ராணுவமே அவங்களைச் சுட்டுச்சு. விடுதலை வருஷம்!

தெ கோல் பக்கமும் நியாயம் இருக்கு. உள்நாட்டுச் சண்டை வெடிக்கிற நிலைமை. பிரான்ஸை அமெரிக்க ராணுவ நிர்வாகத்துல வைக்கலாம்னு ஒரு யோசனை வேற. தலைகுனிஞ்சு நிக்கிற ஜனங்களை எழுப்பி நடக்க வைக்க ஒரு கதை தேவைப்பட்டுச்சு. நான் அவர் இடத்துல இருந்தாலும் அன்னிக்கு அதையேதான் பேசியிருப்பேன். ஆனா முதலுதவிக்குப் போட்ட கட்டை அம்பது வருஷம் அவிழ்க்காம விட்டா உள்ளே என்ன ஆகும்?

அவிழ்க்கப் பார்த்தவங்களுக்கு ஏகப்பட்ட தடை. மார்செல் ஓஃபுல்ஸ் 1969-ல் எடுத்த 'சோகமும் இரக்கமும்' டிவிக்காக எடுத்த படம். பிரெஞ்சு டிவியில வந்தது 1981-ல். விஷி அரசு தானா முன்வந்துதான் ஹிட்லரோட ஒத்துழைச்சதுன்னு 1972-ல் நிறுவினவர் ராபர்ட் பாக்ஸ்டன்ங்கிற அமெரிக்கர். பிடிச்சுக் கொடுத்தது பிரெஞ்சு அரசுதான்னு ஒரு ஜனாதிபதி ஒத்துக்கிட்டது 1995-ல், ஷிராக். எதிர்ப்பு இயக்கத்துல இருந்து 1944 பிப்ரவரி 21-ல் சுட்டுக்கொல்லப்பட்ட ஆர்மீனியர் மிசாக் மனுஷியான் ரெண்டு தடவை குடியுரிமை கேட்டும் கிடைக்காதவர். தேசத்தோட மாமனிதர்களுக்கான பாந்தியோன்ல அவருக்கு இடம் கிடைச்சது 2024-ல். சரியா எண்பது வருஷம்.

பின்னாடி வந்த பிரதியில அந்தத் தொப்பியும் திரும்ப வந்துடுச்சு. ஃபோட்டோவுல அது ஒரு சின்னப் புள்ளி. அதைப் பார்க்க ஒரு தேசத்துக்கு இத்தனை வருஷம் ஆச்சு.

பி.கு: 2006-ல் வந்த 'ஆந்திழேன்' படத்தைத் தேடிப் பாருங்க. பிரான்ஸுக்காகச் சண்டை போட்ட வட ஆப்பிரிக்க வீரர்களோட கதை. பல வருஷமா உறைஞ்சு கிடந்த காலனி வீரர்களோட பென்ஷனை உயர்த்துறதா அந்தப் படம் வந்த சமயத்துலதான் ஷிராக் அரசு அறிவிச்சுச்சு. எடிட்டிங்ல வெட்டினதைச் சினிமா திரும்ப ஒட்டுறதும் உண்டு :-)