கிரில் சிக்கன் மீந்துபோச்சா? மறுநாள் என்ன சமைக்கலாம், எதைச் செய்யக்கூடாது?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு முழு கிரில் சிக்கன் பார்சல் வாங்குவது இப்போ பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. லெக் பீஸ் முதலில் காலியாகிடும். மிஞ்சுவது நெஞ்சுக்கறிதான். அதைக் கவரோடு அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளி, மறுநாள் சூடு பண்ணினால் ரப்பர் மாதிரி இருக்கும். குழந்தைங்க தொடக்கூட மாட்டாங்க. கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

கொஞ்சம் யோசித்துச் செய்தால் இதே கறியில் இன்னொரு வேளை சாப்பாடே தயார். ஆனால் அதற்கான வேலை ஞாயிறு ராத்திரியே முடிந்திருக்க வேண்டும்.

கணக்கு எப்போது தொடங்குகிறது?

சமைத்த இறைச்சி வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சென்னை, மதுரை கோடையில் ராத்திரி சமையலறை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பலரும் தவறவிடுவது இங்கேதான். நாம் சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறோம். கறி அடுப்பை விட்டு இறங்கிய நிமிடத்திலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது. 7 மணிக்கு வாங்கி, 8.30-க்குச் சாப்பிட்டு, சீரியல் முடிந்து 10 மணிக்கு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஏற்கெனவே 3 மணி நேரம் ஆச்சு.

'மறுநாள் நல்லா கொதிக்க வெச்சுட்டா சரியாயிடும்' என்பதும் முழு உண்மை இல்லை. சூட்டில் பாக்டீரியா சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை அதற்குள் உருவாக்கிய நச்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. மசாலா வாசனை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ராத்திரியே 10 நிமிட வேலை

சாப்பிட உட்காரும்போதே, தேவையானதை மட்டும் தட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் மீதி வேற, எச்சில் வேற. பத்திரப்படுத்த வேண்டியது மீதியை மட்டும்தான். கடித்து வைத்த துண்டு வேண்டாம்.

மீதிக் கறியை இளஞ்சூட்டிலேயே எலும்பிலிருந்து பிரித்து, விரல் நீளத்துக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு பிரிப்பது சிரமம். உயரம் குறைந்த, அகலமான டப்பாவில் பரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். எலும்பைத் தனி டப்பாவில் போடுங்கள், தூக்கிப் போட்டுடாதீங்க. ஃப்ரிட்ஜில் 3 முதல் 4 நாள் வரை தாங்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஒரே ஒரு முறை சூடு பண்ணுங்கள்.

என்ன சமைக்கலாம்?

கிரில் செய்யும்போதே கறியின் நீர் ஓரளவு வற்றிவிடும். திரும்பவும் குழம்பில் போட்டு வேக வைத்தால் இன்னும் இறுகும். அதனால் சமையல் எல்லாம் முடிந்த பிறகு, கடைசி 3 நிமிடம்தான் கறிக்கு. நன்றாகப் பிய்த்திருந்தால் அந்த நேரத்துக்குள் ஆவி பறக்கச் சூடேறிவிடும். உள்ளே 74 டிகிரி வரை போக வேண்டும் என்பது கணக்கு.

முதல் சாய்ஸ் கொத்து பரோட்டா. வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, 2 முட்டை உடைத்து ஊற்றி, பிய்த்த பரோட்டாவைப் போட்டு, அரை கரண்டி சால்னா. பிறகு கறி. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், கிரில் மசாலாவில் ஏற்கெனவே நிறைய இருக்கும். பரோட்டா இல்லையா? இட்லியை உதிர்த்துப் போட்டாலும் அருமையாக இருக்கும்.

எலும்பில்தான் உண்மையான ருசி. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, தட்டிய மிளகு சீரகம், மஞ்சள் தூள் சேர்த்து 4 விசில் விட்டு வடிகட்டினால் கருகிய மசாலா மணத்தோடு ஒரு சூப் கிடைக்கும். சளி பிடித்த வீட்டில் இதற்காகவே சிக்கன் வாங்கலாம்.

ரசம் சாதத்துக்குத் தொட்டுக்க மிளகு போட்ட முட்டைப் பொடிமாஸில் ஒரு கைப்பிடி கறி. உருளைக்கிழங்கு இருந்தால் கட்லெட். ஃப்ரைடு ரைஸ் பண்ணலாம். ஆனால் பழைய சாதமும் ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்திருக்க வேண்டும்.

ஓட்டல் மெனுவில் கெத்தாக இருக்கிற ஜால்ஃப்ரேஸியும் இப்படி வந்ததுதான். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், மிஞ்சிய ரோஸ்ட் கறியை வெங்காயம், மிளகாயோடு வதக்கிய பக்குவம் அது. வங்காளத்தில் 'ஜால்' என்றால் காரம்.

லஞ்ச் பாக்ஸில் கொடுக்கலாமா?

வேண்டாம். காலை 7 மணிக்குச் சூடு பண்ணி அடைத்தால், பிள்ளைகள் திறக்கும்போது மணி 12.30. ஐந்தரை மணி நேரம் மூடிய டப்பாவில், வெதுவெதுப்பாக. பாக்டீரியாவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. காலை டிபனுக்கு தோசைக்குள் வைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் சூடாக.

பார்சலோடு வந்த மயோனைஸ்? பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது நினைவிருக்கலாம். முட்டை இல்லாத மயோனைஸாகவே இருந்தாலும், பிரித்த கப்பை மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டாம்.