எம்.ஜி.எம்.டி. மரபணு

எம்.ஜி.எம்.டி., மனிதரின் 10ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ள மரபணு. 207 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு டி.என்.ஏ. பழுதுநீக்கும் புரதத்தை இது உருவாக்குகிறது. குவானினின் ஆக்சிஜனில் தவறாக ஒட்டிய மெத்தில் தொகுதியை அப்புரதம் தன் 145ஆம் இடத்துச் சிஸ்டீனுக்கு மாற்றிக்கொள்கிறது. அகற்றாவிட்டால் அந்தக் குவானின் தைமினுடன் இணைந்து பிறழ்வு உண்டாகும். ஏற்ற மெத்திலைப் புரதத்தால் விடுவிக்க முடியாது. ஒரு மூலக்கூறு ஒரு பழுதை மட்டுமே நீக்கி, பிறகு செல்லால் சிதைக்கப்படும். ஆகவே செல்லின் காப்பு, கையிருப்பிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே பொறுத்தது. இம்மரபணுவின் மருத்துவ முக்கியத்துவத்துக்கு வேர் இதுவே.

இத்தகைய பழுதுநீக்கத்தின் வரலாறு பாக்டீரியாவில் தொடங்குகிறது. 1977இல் லியோனா சாம்சனும் ஜான் கெய்ர்ன்சும், மெத்தில் ஏற்றும் நச்சைச் சிறிதளவில் பெற்ற ஈ. கோலை செல்கள் பின்னர் பேரளவையும் தாங்குவதைக் கண்டனர். நச்சே காப்பைத் தூண்டியது என்பது அழகான முடிவு. 1980இல் ஓல்சனும் தோமஸ் லிண்டாலும், மெத்தில் புரதத்தின் சிஸ்டீனுக்கே செல்வதைக் காட்டினர். வினையில் தானே செலவாகும் புரதத்தை நொதி எனலாமா என்ற வினா அன்று முதல் உண்டு. மறுப்போர் கூற்றில் நியாயம் இருக்கிறது; ஆயினும் வினையை விரைவுபடுத்துவதால் பல நூல்கள் நொதி என்றே வகைப்படுத்துகின்றன. மனித மரபணு 1990இல் படியெடுக்கப்பட்டது.

மரபணுவின் ஊக்கிப் பகுதியிலேயே மெத்தில் ஏறினால் அது அடங்கிவிடும், கையிருப்பும் வற்றும். 2005இல் ஹெகி குழுவினர், கிளையோபிளாஸ்டோமா மூளைக்கட்டி நோயாளிகளில் இதன் விளைவை வெளியிட்டனர். மரபணு அடங்கியவர்களுக்குக் கதிர்வீச்சுடன், குவானினில் மெத்தில் ஏற்றிக் கட்டிச் செல்களைக் கொல்லும் டெமோசோலோமைடு மருந்தும் அளித்தபோது இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றோருக்கு 15.3 மாதம். மரபணு அடங்காதவர்களில் இவை 12.7, 11.8 மாதங்களே. அடங்கிய நிலை மென்மையான நோயின் அடையாளம் மட்டுமே என்று வாதிடலாம். ஆனால் மருந்தின் பயன் ஒரு பிரிவில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் இருப்பதை அவ்வாதம் தனியே விளக்காது. பொருத்தப் பிழை திருத்தும் அமைப்பை இழந்த கட்டிகள், மரபணு அடங்கியிருந்தும் மருந்தை எதிர்க்கலாம் என்பது வலுவான ஆட்சேபம். எனினும் அது இவ்விளக்கத்தை முறிக்கவில்லை; நீக்கப்படாத பழுதைச் சாவாக மாற்ற அந்த அமைப்பும் தேவை என்பதையே சேர்க்கிறது. 2012இல் முதியோரிடம் செய்த ஆய்வுகளும் இதே திசையில் அமைந்தன. மரபணு அடங்காத நோயாளிகளுக்கு மருந்தை நிறுத்தலாமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை.